இரண்டு பணமும் இரண்டு கைகளும்

(நன்கொடையாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



நல்ல சமாரியன் உவமையை ஞாயிறு பள்ளி நாள் முதல் கேட்டு வருகிறோம். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போவது இறக்கமான, ஆபத்தான வழி. தர்மபுரி மாவட்டத்தாருக்கும் அப்படி ஒரு வழி உண்டு. சேலத்தை நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயைச் சொல்லுகிறோம். 2020 டிசம்பர் 12 அன்று அங்கே ஒரு சிமெண்ட் லாரி முன்னால் நின்ற வாகனங்கள்மேல் வரிசையாக மோதி உயிர்ச்சேதம் நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. அந்த வழியாய்ப் போகும்போது, ‘ஆண்டவரே, காத்தருளும்’ என்று ஜெபிக்காதவர் நம்மில் யார்?

சமாரியன் செய்தவற்றின் வரிசையைக் கவனியுங்கள். சத்திரக்காரனிடம் அவன் இரண்டு பணம் கொடுத்தது மறுநாளில்தான். அதற்கு முன்பே வழியோரத்தில் குனிந்து, தன் கையில் இருந்த எண்ணெயையும் திராட்சரசத்தையும் வார்த்துக் காயங்களைக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோனான். அவன் வைத்தியன் அல்ல, வழிப்போக்கன். அவனுடைய கைகள் முதலில் வேலை செய்திராவிட்டால், அந்த இரண்டு பணத்துக்கு வேலையே இருந்திராது.

பிரியமானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கை அந்த இரண்டு பணம். அதனால் இந்தச் சத்திரம், அதாவது நமது மருத்துவமனை, நடக்கிறது. ஆனால் எங்கள் மருத்துவர்களின் வேலை வாசலில்தான் தொடங்குகிறது. பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். இருதயம் நின்றால் நாலைந்து நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும். 2008 முதல் நம் மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் ஓடுவது பெரிய உதவி. ஆனாலும் அது வந்து சேருகிறவரை பக்கத்தில் இருப்பவர் நீங்களும் நாங்களும்தான்.

இங்கே எங்கள் குறையையும் அறிக்கையிட வேண்டும். ஒருமுறை ஆராதனையின் நடுவில் ஒரு வாலிபனுக்கு வலிப்பு வந்தது. மருத்துவமனையில் ஊழியம் செய்கிற நாங்களே சூழ்ந்து நின்று ஜெபித்தோம். ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். நாங்களோ வாயில் தண்ணீர் ஊற்றப்போனோம். அப்போது நர்சிங் படிக்கும் ஒரு பெண் பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, “ஐயா, தண்ணீர் வேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போய்விடும்” என்றாள். பக்கத்தில் கிடந்த நாற்காலிகளை நகர்த்தினாள். தலைக்குக் கீழே சால்வையை மடித்து வைத்தாள். வலிப்பு தணிந்ததும் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். அவன் பிழைத்தான். அன்றைக்கு எங்கள் ஜெபத்துக்கு வந்த பதில் அந்தப் பிள்ளையின் கைகளே என்று உணர்ந்தோம். மறுவாரமே அவளைப்போன்ற பிள்ளைகளிடம் பாடம் கேட்க உட்கார்ந்தோம்.

கற்றுக்கொண்டதில் சிலவற்றைச் சொல்லுகிறோம். இரத்தம் பீறிட்டால், சுத்தமான துணியை வைத்துக் காயத்தின்மேல் விடாமல் அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். தீக்காயத்தில் மாவும் பேனா மையும் பற்பசையும் பூசாதீர்கள். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பாம்பு கடித்தால் கீறவோ, உறிஞ்சவோ, கயிற்றால் இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட கை காலை எலும்பு முறிந்ததுபோல அசையாமல் வைத்து, நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். மந்திரிக்கப் போகிற நேரத்தில் உயிர் போகிறது. உணர்வும் மூச்சும் இல்லாமல் ஒருவர் விழுந்தால், 108-ஐ அழைத்துவிட்டு, நடுமார்பில் கைகளை வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இதைக் கேட்டால் போதாது. பொம்மையில் செய்து பழக வேண்டும்.

“கேஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே” என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் இனி வேண்டாம். உதவி செய்கிறவர்களைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-ல் சட்டபலம் அளித்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. விபத்தில் சிக்கினவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவர், தம் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தப்படமாட்டார்.

“எங்களுக்குப் படிப்பில்லையே” என்பாரும் உண்டு. நமது மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிட்டிலிங்கியைப் பாருங்கள். 1993-ல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் அங்கே ஒரு ஓலைக் குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அவர்களுக்குத் துணையாகப் பயிற்சி பெற்றவர்கள் அந்தந்த ஊர்களின் மலைவாழ் பெண்களே. அதிகம் பள்ளிக்கூடம் போகாத தாய்மார் நோயைக் கண்டறியவும், குழந்தைகளைக் காக்கவும் கற்றார்கள். அவர்களால் கூடுமானால் நம்மாலும் கூடும்.

ஆகவே, இந்த முறை உங்களிடம் பணத்தை மட்டும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை மாலையைக் கேட்கிறோம். வாலிபர் சங்கத்தாரும், பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும், மூப்பர்களும் சபைக் கட்டடத்தில் கூடுங்கள். எங்கள் செவிலியர்கள் பொம்மையோடும் கட்டுத்துணியோடும் வந்து கற்றுத்தர ஆயத்தமாயிருக்கிறார்கள்.

ஆசாரியனும் லேவியனும் அந்த மனிதனைக் கண்டார்கள்; விலகிப் போனார்கள். என்ன செய்வதென்று தெரியாமலும் அவர்கள் போயிருக்கலாம் என்று எங்களுக்குச் சில வேளை தோன்றும். நம்மில் ஒருவரும் அந்தக் காரணத்துக்காக விலகிப் போகாதபடி, நம் கைகளைக் கர்த்தர் பழக்குவிப்பாராக. ஆமென்.