பைப்பில் அடைத்த காற்று

(மஹல்லா பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, தாய்மார்களே, இன்று கல்வி உதவித்தொகை பற்றிப் பேசுவதாகத்தான் அறிவித்திருந்தோம். அதை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். நம் தெருப் பையன் ஒருவன் செய்த காற்றுத் துப்பாக்கியைப் பற்றி நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம்.

பத்தாம் வகுப்புப் படிக்கிறான். வாப்பா வெளிநாட்டில். தண்ணீர்த் தொட்டி மூடியைக் குரங்குகள் பிய்த்துப் போடுகின்றன என்று, வீடு கட்டியபோது மிச்சமாகி மாடியில் கிடந்த பி.வி.சி. பைப்பை எடுத்திருக்கிறான். ஒரு முனையை மூடி, டியூப் வால்வு பொருத்தி, நடுவில் ஒரு பால் வால்வு, அதற்கு முன்னால் இரண்டு அங்குலக் குழல். கார் டயருக்குக் காற்றடிக்கும் சிறிய கம்ப்ரஸரால் காற்று ஏற்றி, உருளைக்கிழங்கைச் சுட்டிருக்கிறான். அஸருக்குப் போகும் வழியில் நானே பார்த்தேன். "மாஷா அல்லாஹ், விஞ்ஞானிதான்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனேன். பத்து நாள் கழித்து அந்தப் பைப் கைப்பிடிச் சுவரில் இடித்து வெடித்தது. சில்லு தெறித்தது அவன் மேல் அல்ல, பக்கத்தில் நின்ற அவனுடைய சாச்சா மகன் கண்ணில். தைத்திருக்கிறார்கள். பார்வை எவ்வளவு திரும்பும் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. துஆ செய்யுங்கள்.

மருத்துவமனை வராந்தாவில் அந்தப் பையன் என்னிடம் அழுதுகொண்டே ஒன்று சொன்னான். "சாச்சா, பைப்பில் 6 கிலோ என்று போட்டிருந்தது. நான் 80 பவுண்டுதான் ஏற்றினேன். லிமிட்டைத் தாண்டவே இல்லை." கணக்கு சரிதான். 6 கிலோ என்பது சுமார் 85 பவுண்டு. அவன் பொறுப்பில்லாத பிள்ளை இல்லை. யாரும் அவனுக்குச் சொல்லித்தராத ஒன்று இருந்தது. அதைத்தான் பைப் வேலை செய்யும் சகோதரர்களிடம் விசாரித்து, கல்லூரியில் படித்த பௌதிகத்தையும் தூசு தட்டி, இங்கே சொல்கிறேன்.

பைப்பின் மேல் இருக்கும் அந்த எண் தண்ணீருக்கானது. அதுவும் 27 டிகிரி வெப்பத்தில். நம் மாடியில் சித்திரை வெயிலில் கிடக்கும் பைப்புக்கு அந்த பலம் கிடையாது. சூடு ஏற ஏற பி.வி.சி. இளகும். வருடக்கணக்கில் வெயில் பட்டால் மேல்தோல் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். ஒரு கீறல், சரியாகக் காயாத பசை ஒட்டு, ஒரு இடி, இவற்றில் ஒன்று போதும், லிமிட்டுக்குள்ளேயே உடையும். கழிவுநீருக்குப் போடும் மெல்லிய பைப்புக்கோ அழுத்தக் கணக்கே கிடையாது.

தண்ணீர் நிரம்பிய பைப் விரிசல் விட்டால் பீய்ச்சி அடிக்கும், அழுத்தம் உடனே இறங்கிவிடும். ஏனென்றால் தண்ணீர் அழுத்தினாலும் சுருங்காது. காற்று சுருங்கும், விட்டதும் விரியும். நாலு அங்குலப் பைப், இரண்டடி நீளம், 85 பவுண்டு காற்று. அதில் அடங்கியிருக்கும் சக்தியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐம்பது கிலோ அரிசி மூட்டையைத் தரையிலிருந்து மொட்டை மாடிக்குத் தூக்கிவிடும். அவ்வளவும் ஒரு நொடிக்குள் வெளியே வருகிறது. இரும்போ செம்போ கிழிந்து விரியும். பி.வி.சி. கண்ணாடி போலச் சில்லுச் சில்லாகப் பறக்கும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 1988-லேயே, தரைக்கு மேலே காற்று கொண்டுபோக பி.வி.சி. பைப்பைப் பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரிக்கை விட்டிருக்கிறது. அது தொழிற்சாலைகளுக்குச் சொன்னது. நம் வீட்டு மாடிக்கு யார் சொல்வது?

அடுத்து வால்வு. பையன்கள் தேடுவதெல்லாம் எது வேகமாகத் திறக்கும் என்பதைத்தான். அழுத்தம் மிஞ்சினால் எது தானாகத் திறக்கும் என்று ஒருவனும் கேட்பதில்லை. தாய்மார்களே, உங்கள் குக்கரை நினைத்துப் பாருங்கள். அதில் இருப்பது சுமார் ஒரு கிலோ அழுத்தம். அதற்கே மேலே வெயிட், அது அடைத்துக்கொண்டால் உருகி வழிவிட சேஃப்டி வால்வு. பஞ்சர் கடை கம்ப்ரஸரில் இரும்பு டேங்க், மீட்டர், தானாக நிற்கும் சுவிட்ச், சேஃப்டி வால்வு எல்லாம் உண்டு. நம் பிள்ளை குக்கரைப் போல ஐந்தாறு மடங்கு அழுத்தத்தை ஒரு காவலும் இல்லாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். டியூப் வால்வு காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. சேஃப்டி வால்வு வைத்துவிட்டால் சரியா என்று ஒருவர் கேட்டார். சரியில்லை. பைப்பே லிமிட்டுக்குள் உடையும்போது வால்வு எதைக் காப்பாற்றும்?

சட்டமும் இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலையும் 20 ஜூல் சக்தியையும் தாண்டாத ஏர் கன்னுக்குத்தான் உரிமம் வேண்டாம். இரண்டு அங்குலக் குழல் என்பது 50 மில்லிமீட்டர். "விளையாட்டுக்குச் செய்தது" என்று நாம் சொல்லலாம். ஆனால் அதைக் கையில் பிடித்து எடுத்த போட்டோ நாலு வாட்ஸ்அப் குழுவைத் தாண்டினால், நம் பிள்ளைகளைப் பற்றி என்ன எழுதுவார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கத்ஃப் பற்றிய ஹதீஸை மதரஸாவில் ஓதியிருப்பீர்கள். விரல்களுக்கிடையே சிறு கல்லை வைத்துச் சுண்டி எறிவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது வேட்டைக்கும் உதவாது, எதிரியையும் வீழ்த்தாது, பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்று காரணமும் சொன்னார்கள். இதை அறிவிக்கும் அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அவர்கள், சொன்ன பிறகும் கல் சுண்டியவரிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இளம் வயதில் மனனம் செய்தேன். அந்தப் பையன் தோளில் தட்டிய அன்று எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

அதே நபியவர்கள்தான் அம்பெய்யப் பழகச் சொன்னார்கள். குறி பார்க்கும் ஆசை தவறில்லை. சுடப் பழக வேண்டுமென்றால் முறையான ரைஃபிள் கிளப் இருக்கிறது. வால்வும் காற்றும் பிடித்திருந்தால் ஐ.டி.ஐ.யில் அதையே பாடமாகச் சொல்லித்தருகிறார்கள். கட்டணத்துக்கு அறக்கட்டளை உதவும். அந்தப் பையனையும் அங்கே சேர்க்க அவன் உம்மாவிடம் பேசியிருக்கிறேன்.

கண்ணில் ஏதாவது பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். குத்தியிருப்பதைப் பிடுங்காதீர்கள். தாய்ப்பால், எண்ணெய் எதுவும் விட வேண்டாம். கண்ணை அழுத்தாமல் ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு, நேரே கண் மருத்துவமனைக்குப் போங்கள்.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு மதரஸா பின்கட்டில் பிட்டர் ஒருவர் இருப்பார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பைப் இருந்தால் கொண்டுவாருங்கள். யாருடையது என்று கேட்க மாட்டோம். காற்று அடைத்த நிலையில் இருந்தால் மட்டும் தொடாதீர்கள், பிள்ளைகளை விலக்கிவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள், நாங்கள் வருகிறோம். பைப்பை அறுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். செடிக்குத் தண்ணீர் விட ஆகும்.

வஸ்ஸலாம்.