முசோலினி முதலில் உடைத்தது சங்கத்தை

(தொழிற்சங்க வகுப்பில் ஆற்றிய உரை)



இத்தாலியை ஆட்டிப் படைத்த முசோலினி அரண்மனையில் பிறந்தவன் அல்லன். 1883-இல் ஒரு கொல்லனின் மகனாகப் பிறந்தவன். சமதர்மக் கட்சிப் பத்திரிகையின் ஆசிரியனாக இருந்தவன். முதல் உலகப் போரில் இத்தாலியும் குதிக்க வேண்டுமென்று எழுதியதால், 1914-இல் அக்கட்சி அவனை வெளியேற்றியது. 1919 மார்ச்சில் மிலான் நகரில் பாசிச இயக்கத்தைத் தொடங்கினான். அவ்வாண்டுத் தேர்தலில் ஓரிடமும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவன் மூன்றே ஆண்டுகளில் பிரதம மந்திரியானது எப்படி?

அதற்கு நாம் போ நதிப் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். நெல்லும் கோதுமையும் விளையும் பெரிய பண்ணைகள் அங்கே இருந்தன. கூலியாட்கள் நம்மைப் போலவே சங்கம் கண்டனர். யாருக்கு வேலை, ஒரு பண்ணைக்கு எத்தனை ஆள் என்பதையெல்லாம் சங்கத்தின் வழியாகவே முடிவு செய்யுமளவுக்கு 1920-இல் வலுப்பெற்றனர். பண்ணை முதலாளிகளுக்கு இது பொறுக்குமா? கறுப்புச் சட்டைக்காரர்களுக்குப் பணம் கொடுத்தார்கள், லாரி கொடுத்தார்கள்.

இரவில் லாரி வரும். சங்கத் தலைவர் வீட்டுக் கதவை உடைப்பார்கள். மனைவி மக்கள் கண்முன்னே அவரை இழுத்துப்போய்த் தடியால் அடிப்பார்கள். வாயில் விளக்கெண்ணெயை ஊற்றுவார்கள். சிலர் உயிரோடு திரும்பவே இல்லை. 1921-இன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளர் மன்றங்கள் நாசமாயின. கூட்டுறவுக் கடைகளையும் விடவில்லை. போலீசார் பல இடங்களில் கைகட்டி நின்றனர்.

கிராணிமார்கள் கோபிக்கக் கூடாது. அந்தக் கறுப்புச் சட்டைக் கூட்டத்தில் குமாஸ்தாக்களும் இருந்தார்கள். போருக்குப்பின் விலைவாசி ஏறியது. அவர்கள் மாதச் சம்பளம் அதற்கு ஈடாக ஏறவில்லை. சங்கம் வைத்திருந்த கூலிக்காரனுக்கோ கூலி ஏறியது. அவர்களுடைய ஆத்திரமெல்லாம் அவன்மேல் திரும்பிற்று.

1922 அக்டோபரில் நடந்ததை ரோமாபுரிப் படையெடுப்பு என்று பெரிதாகச் சொல்வார்கள். முசோலினியோ மிலானிலிருந்து ரயிலில் படுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்! ராணுவச் சட்டத்தில் கையெழுத்திட மன்னர் விக்டர் இம்மானுவேல் மறுத்து, அவனையே பிரதமராக்கினார்.

ரொவிகோ வட்டாரக் கூலியாட்களுக்காக உழைத்தவர் மத்தியோத்தி. 1924 மே 30-இல் பாராளுமன்றத்தில் எழுந்து, பாசிஸ்டுகளின் தேர்தல் மோசடிகளை அடுக்கினார். ஜூன் 10-இல் அவரைக் கடத்திக் கொன்றார்கள். அடுத்த ஜனவரியில், நடந்தவற்றுக்கெல்லாம் தானே பொறுப்பு என்று முசோலினி அதே சபையில் துணிந்து சொன்னான். கேட்பாரில்லை.

அவன் கொள்கைதான் என்ன? முதலாளியும் தொழிலாளியும் ஒரே தேசத்தின் அங்கங்கள். அவர்களுக்குள் போராட்டம் கூடாது. அரசுக்கு மேல் எதுவுமில்லை. காதுக்கு இனிமைதான். 1925 அக்டோபரில் ஆலை முதலாளிகள் பாசிசச் சங்கத்தோடு மட்டுமே பேசுவதென ஒப்பந்தம் செய்தனர். 1926 ஏப்ரலில் வேலை நிறுத்தத்தைச் சட்டம் குற்றமாக்கியது. கதவடைப்புக்கும் தடை போட்டார்கள். முதலாளிக்கு அது எதற்கு? 1927-இலும் 1930-இலும் கூலியை வெட்டும் வேலையை ஆட்சியே முன்னின்று செய்து கொடுத்தது.

1943 மார்ச்சில், அந்தத் தடை இருக்கும்போதே, டூரின் நகரப் பியட் மோட்டார் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். மிலானுக்கும் அது பரவிற்று. கைதுகள் நடந்தன, ஆயினும் கூலி விஷயத்தில் அரசு இறங்கி வர வேண்டியதாயிற்று. ஜூலை 25-இல் அதே மன்னர் முசோலினியைப் பதவி நீக்கிக் கைது செய்வித்தார்.