பூட்டு இருந்தா போதுமா?

"மருந்துக்குத்தான் சட்டம் இருக்கே, பயம் எதுக்கு?"ன்னு எதிரணி அம்மா கேட்டாங்க. 1937-ல அமெரிக்காவில், சல்ஃபா மருந்தைத் திரவமாக்க டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷத்தைக் கலந்துட்டாங்க. 100 பேருக்கு மேல் பலி! விற்கும் முன்னே சோதிக்கணும்னு அன்னைக்குச் சட்டமே இல்லை, 1938-ல்தான் வந்தது.

நமக்கு 1940-லேயே மருந்துச் சட்டம் வந்தாச்சு. மூலப்பொருளைச் சோதிச்ச பிறகே பயன்படுத்தணும்னு விதியும் இருக்கு. ஆனா 2025-ல், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்துல அதே விஷம்! மத்தியப் பிரதேசத்தில் குடிச்ச பச்சைக் குழந்தைகள், 20 பேருக்கு மேல் போயிட்டாங்க.

அங்கே சட்டம் இல்லாம செத்தாங்க. இங்கே சட்டம் இருந்தும் செத்தாங்க! வீட்டுக்குப் பூட்டு வாங்கி வச்சா போதுமா? பூட்டணும் ஐயா, பூட்டணும்!