இரும்பு டானிக்குக்கு அடங்காத சோகை

கணக்கு எழுதிப் பிழைப்பவனுக்கு வைத்தியப் பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றுதான் என்னைப் பேச வைக்கிறது.

1964-இல் பர்மாவிலிருந்து அகதியாகக் கப்பலேறி வந்தவர் என் அப்பா. அத்தை குடும்பம் த்வாண்டேயிலேயே தங்கிவிட்டது. அத்தை மகள், எனக்கு மதினி முறை, வயது 62. இரண்டு வருடத்துக்கு முன்பு தொலைபேசியில், "தம்பி, நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சு போகுது. கடைக்குப் போய் வந்தா மூச்சு வாங்குது" என்றார்.

ரத்தசோகை என்று மருந்துக்கடையில் கொடுத்த இரும்பு டானிக்கை ஒரு வருடமாகக் குடித்துக்கொண்டிருந்தார். இடது விலாவுக்குக் கீழே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. பெரியவர்கள் "காய்ச்சல் கட்டி" என்றார்கள். மலேரியாவால் மண்ணீரல் வீங்குவதற்கு நம்மவர்கள் வைத்த பெயர் அது. கடைசியில் டலா வந்து, படகேறி, ரங்கூனில் ரத்தநோய் மருத்துவரைப் பார்த்தார். மைலோஃபைப்ரோசிஸ் என்றார்கள். எலும்பு மஜ்ஜை தழும்பேறிப்போகும் நோய்.

நேயர்களே, த்வாண்டே பானைக்குப் பெயர்போன ஊர். அந்தப் பானைப் பட்டறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மஜ்ஜைதான் பட்டறை. இரும்புச்சத்து களிமண். ரத்தச் சிவப்பணு பானை. அதன் ஆயுள் சுமார் 120 நாள். கழிவதை ஈடுகட்ட நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் புதிதாகச் செய்தாக வேண்டும்.

எத்தனை செய்ய வேண்டும் என்று ஆர்டர் கொடுப்பது சிறுநீரகம். பிராணவாயு குறைந்தால் அது எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இதை 1977-இல் சிகாகோவில் யூஜின் கோல்ட்வாஸர் குழுவினர் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். எதிலிருந்து தெரியுமா? ஜப்பானிய மருத்துவர் தகாஜி மியாகே சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து! மஜ்ஜை செயலிழந்த நோயாளிகளின் சிறுநீர் அது. பட்டறை மூடிக் கிடந்தாலும் ஆர்டர் குவிந்துகொண்டே இருந்தது. மிஞ்சியது சிறுநீரில் வந்தது.

மதினியின் நோயில் கெட்டுப்போவது பட்டறைத் தளம். ஆர்டரைக் கேட்டு அணுவுக்குள் சொல்லும் பொறிகளில் ஒன்று ஜாக்-2. இந்நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது பழுதாகி, ஆர்டர் வராமலே ஓடிக்கொண்டிருக்கிறது. இது 2005-இல் தெரியவந்தது. தட்டணுக்களைத் தரும் பெரிய அணுக்கள் தாறுமாறாகப் பெருகி, நார் வளரத் தூண்டும் பொருள்களைக் கொட்டுகின்றன. நார் மண்டிய இடத்தில் சிவப்பணு எப்படி உருவாகும்? மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சினார்கள், ஒன்றும் வரவில்லை. பிறகு எலும்புத்துண்டு எடுத்துத்தான் உறுதி செய்தார்கள். அதற்கு முன்பே துப்புக் கொடுத்தது ஒரு சாதாரண ரத்தச் சோதனை. கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்தபோது சிவப்பணுக்கள் கண்ணீர்த்துளி வடிவில் இருந்தன. பட்டறையை இழந்த அணுக்கள் மண்ணீரலில் குடியேறுவதால்தான் அது வீங்கி வயிற்றை அழுத்துகிறது.

இங்கேதான் கணக்கன் பேச வேண்டும். உடம்பின் இரும்புக் கணக்கில் வரவு உண்டு, செலவு மிகக் குறைவு. தினமும் 1 முதல் 2 மில்லிகிராம்தான் வெளியேறுகிறது. ஏற்றப்படும் ஒரு பை ரத்தத்திலோ 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மதினிக்கு இப்போது அவ்வப்போது ரத்தம் ஏற்றுகிறார்கள். அதற்கு மேல் டானிக்கும் குடித்தால் இரும்பு ஈரலிலும் இருதயத்திலும் போய்த் தேங்கும். பட்டறைத் தளம் பாழான பிறகு களிமண் கொட்டி என்ன பயன்? மருத்துவர் முதலில் நிறுத்தியது டானிக்கைத்தான்.

மருந்து இல்லாமல் இல்லை. மண்ணீரல் வீக்கத்தைக் குறைக்கும் ருக்ஸோலிடினிபுக்கு அமெரிக்காவில் 2011-இல் அனுமதி கிடைத்தது. அது சோகையைச் சற்றுக் கூட்டலாம். சோகைக்கும் உதவும் மோமெலோடினிபுக்கு 2023-இல் அனுமதி வந்தது. அடியோடு குணமாக்கக்கூடியது மஜ்ஜை மாற்று சிகிச்சை ஒன்றே. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986-இலேயே மஜ்ஜை மாற்று தொடங்கிவிட்டது. ஆனால் ஆபத்தும் செலவும் அதிகம். வயதானவர்கள் எல்லோருக்கும் பொருந்தாது.

இன்னொன்று. மதினியின் தட்டையும் டம்ளரையும் சிலர் தனியே எடுத்து வைத்தார்களாம். இது தொற்றுநோய் அல்ல. பெரும்பாலும் பரம்பரையாகவும் வருவதில்லை. பிள்ளைகளின் கல்யாணப் பேச்சில் இதை இழுக்க வேண்டாம்.

நம் வீடுகளில் வயதானவர்கள் வெளுத்துப்போனால், "அந்தக் காலத்தில் பட்ட கஷ்டம்" என்று விட்டுவிடுகிறோம். இரும்பு டானிக் குடித்து இரண்டு மாதமாகியும் தெம்பு வரவில்லையா? இடது விலாக்கீழ் பாரமா? இரவில் உடம்பு வேர்த்து, எடை குறைகிறதா? மருத்துவரிடம் போய், முழு ரத்த எண்ணிக்கையும், அணுக்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனையும், இரும்பு இருப்புக் காட்டும் ஃபெரிடின் சோதனையும் வேண்டுமா என்று கேளுங்கள். இருப்பைப் பார்க்காமல் கொள்முதல் செய்யக் கூடாது. இது என் தொழில் கற்றுக்கொடுத்த பாடம்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.