அறுபடும் அலை

திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில், பொறியியல் கலந்தாய்வுக்கு வீட்டிலிருந்தபடியே கல்லூரிகளைத் தேர்ந்து பதிவு செய்யும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். கெடு முடியும் நாளில் வைஃபை விட்டுவிட்டு வருமாயின், அவள் படும் கலக்கம் சொல்லுந்தரமன்று. வீட்டார் இணைப்பு தந்தவரைக் கடிந்துகொள்வர்; அன்றேல் புதுக் கருவி வாங்கக் கிளம்புவர். இரண்டும் அவசரம் என்பேன்.

பழுது வெளியிலிருந்து வரும் கண்ணாடியிழையிலா, வீட்டினுள் பரவும் அலையிலா? முதலில் அறிய வேண்டுவது அதுவே. கணினியை ரௌட்டரோடு கம்பியால் இணைத்துப் பாருங்கள். அப்பொழுதும் அறுபட்டாலோ, பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தாலோ, இழை எங்கேனும் மடங்கியுள்ளதா என்று நோக்கிவிட்டு, இணைப்பு தந்தவரை அழையுங்கள். கம்பியில் சீராக வந்தால் குற்றம் வீட்டினுள்ளேதான்.

பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பேர்போன வட்டாரம் இது. பீரோ இல்லாத வீடு அரிது. அதன் பின்னே ரௌட்டரை ஒளித்து வைத்தால் அலை எவ்வாறு வரும்? உலோகம் அதனைத் திருப்பிவிடும்; தண்ணீர்த் தொட்டி விழுங்கிவிடும்; காங்கிரீட் சுவர் மெலிவிக்கும். வீட்டின் நடுவே, சற்று உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதே முறை.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தொலைவு செல்லும். ஆயினும் அண்டை வீட்டாரின் ரௌட்டர்களும், ஏன், மைக்ரோவேவ் அடுப்புங்கூட அவ்வெல்லையிலேயே இயங்குவதால் நெரிசல் மிகுதி. ரௌட்டரின் அலைவழியை 1, 6, 11 என்பவற்றுள் நெரிசல் குறைந்ததற்கு மாற்றலாம். 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது. சுவரைக் கடக்க வலிவற்றது. ரௌட்டர் உள்ள அறையிலேயே அமர்வோர்க்கு அது ஏற்றது. கெடு நெருங்கிய வேலை எனில், சோதனைக்கென மாட்டிய கம்பியைக் கழற்றாமலே வைத்துக்கொள்ளலாம்.