வந்தார்கள், நாம் போனோமா?



"ஊர் சுற்றுகிற பிள்ளை உருப்படாது, கதைப் புத்தகம் படிக்கிற பிள்ளை தேறாது." வீட்டுக்கு வீடு இதைக் கேட்டுத்தான் நாம் வளர்ந்தோம். இதற்குப் பதில் தேடிக் காசிக்குப் போக வேண்டாம். நம் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை எதிரே நிற்கிறதே, அது போதும்.

கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்ட காலம். 1597இல் பிமெந்தா என்கிற ஏசுசபைப் பாதிரியார் இங்கே வந்தார். போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர இவ்வளவு பெரிய நகரம் இல்லை என்று எழுதிவைத்தார். அவரால் எப்படி அப்படிச் சொல்ல முடிந்தது? லிஸ்பனையும் பார்த்திருந்தார், செஞ்சியையும் பார்த்தார். நாலு ஊர் பார்த்தவனுக்குத்தான் சொந்த ஊரின் அளவு தெரியும்.

அடுத்தது, முற்றுகை. உள்ளே மராட்டிய மன்னர் ராஜாராம். வெளியே மொகலாயத் தளபதி சுல்பிகார் கான். 1690இல் வளைத்த கோட்டை 1698இல்தான் விழுந்தது. ஏன் அத்தனை காலம்? ராஜகிரிப் படியில் ஏறுங்கள், முழங்காலே பதில் சொல்லும். உச்சிக்குக் கீழே ஒரு பாறைப் பிளவு. அதன்மேல் ஒரு சின்னப் பாலம். அதை எடுத்துவிட்டால் எந்தப் படை ஏறும்?

ஆனால் இதே கோட்டையை 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தாரே! மலை குள்ளமாகிப்போனதா? இதற்கு முழங்காலிடம் பதில் இல்லை. புத்தகத்தைத்தான் கேட்க வேண்டும். சுல்பிகார் கான் ராஜாராமோடு ரகசியமாகப் பேரம் பேசி முற்றுகையை இழுத்தடித்தார் என்ற சந்தேகம் அப்போதே இருந்தது. மலையின் உயரம் நடந்தால் தெரியும். மனிதனின் பேரம் படித்தால்தான் தெரியும்.

செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் கதை கேட்டுக் கண்கலங்காத பாட்டி இந்த வட்டாரத்தில் உண்டா? அவர் இயற்பெயர் தேஜ் சிங். வடக்கே புந்தேல்கண்டிலிருந்து வந்த குடும்பம். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டார். கதையில் அவருக்காக உயிரைக் கொடுத்த தோழன் ஒரு முஸ்லிம். எங்கிருந்தோ வந்த பிள்ளையை நம் பாட்டிமார் தம் பிள்ளையாக்கிக்கொண்டார்கள். இது தெரிந்தவன் ஒருவனை "வெளியூர்க்காரன்" என்று ஒதுக்குவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிப்பான்.

2025இல் யுனெஸ்கோ 12 மராட்டியர் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று நம்முடையது. அங்கிருந்து இங்கே வந்து பார்க்கிறார்கள். அந்தப் பதினொன்றில் ஒன்றான ராய்கட்டை நம்மில் யார் பார்த்தோம்?

அவ்வளவு தூரம் போகக் காசில்லை என்பீர்கள். சரி, புதுச்சேரிக்குப் பஸ் இருக்கிறது. 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இன்றும் அங்கே நிற்கிறது. நாட்குறிப்பில் பத்துப் பக்கமாவது படித்துவிட்டுப் போங்கள். அந்தத் தூண்களுக்கு நடுவே யார் யார் நடந்தார்கள் என்று தெரியும்.

மாணவர்களே, அடுத்த ஆண்டு இந்த நூலக வார விழா மேடையில் நான் பேச வேண்டாம். ஒரு புத்தகம் படித்து, அது காட்டிய ஊருக்குப் போய்வந்த பிள்ளை ஒன்று பேசட்டும். நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.