விஷக்காய்ச்சலும் மூச்சின் கணக்கும்



பெரம்பலூர் வட்டாரத்தில் நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், விடுப்பு விண்ணப்பங்களில் 'காய்ச்சல்' என்ற சொல்லைப்போல் ஓயாது உழைத்த சொல் வேறொன்றில்லை. அவற்றுள் மெய்க்காய்ச்சலும் உண்டு. ஏரிக்கரையில் தணிந்த காய்ச்சலும் உண்டு. ஆனால் இன்புளுயன்சா என்னும் விஷக்காய்ச்சலை அவ்வாறு எளிதாக எண்ணிவிடலாகாது.

1918-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாயில் தலைகாட்டிய அந்நோய், செப்டம்பர் முதல் கொடிய உருக்கொண்டு நாடெங்கும் பரவிற்று. மழையும் பொய்த்த ஆண்டு அது. இந்தியாவில் மாண்டவர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் என்பர் ஆய்வாளர். 1921-இல் எடுத்த குடிக்கணக்கில் நாட்டின் மக்கள்தொகை 1911-ஐவிடக் குறைந்திருந்தது. பின்னர் 1957 மே மாதத்தில், சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் வழியே ஆசியப் புளூ இறங்கியது. நல்லவேளையாக அதன் கொடுமை முன்னதைப் போன்றதன்று.

1918-இல் இத்துணைப் பேரைக் கொன்றது எது? அக்காலத்து நுரையீரல் மாதிரிகளை ஆராய்ந்து 2008-இல் அமெரிக்க அறிஞர் வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது. பெரும்பாலோரை மாய்த்தது புளூ மட்டுமன்று. அதன் பின்னே புகுந்த பாக்டீரியாக்கள் விளைவித்த நிமோனியாவே.

நம் மூச்சுக்குழலின் உட்புறத்தில் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. தூசியையும் கிருமியையும் மேல்நோக்கித் தள்ளுவது அவற்றின் வேலை. புளூ வைரஸ் அப்படலத்தை அழிக்கிறது. வேலி சாய்ந்த சோளக்கொல்லையில் ஆடு புகுவதுபோல், பிற கிருமிகள் நுரையீரலுள் இறங்குகின்றன. காற்று நிறையவேண்டிய சிற்றறைகளில் நீரும் சீழும் நிறைகின்றன. சிலருக்கு வைரஸே நேராக நுரையீரலைத் தாக்குவதும் உண்டு.

ஆகவே காய்ச்சல் தணிந்து நோயாளி எழுந்து உட்கார்ந்தபின், மீண்டும் குளிர்காய்ச்சலும் நெஞ்சுவலியும் சளியோடு கூடிய இருமலும் தோன்றினால், அதனைப் பழைய காய்ச்சலின் மிச்சமென்று கொள்ளற்க. மிளகுக் கஷாயம் தொண்டைக்கு இதமளிக்கும். நிமோனியாவை அது நீக்காது. புளூவுக்குரிய மருந்து, நோய் தொடங்கிய இரண்டு நாளுக்குள் கொடுத்தால் மிகுந்த பயன் தரும். கருவுற்ற மகளிர், முதியோர், கைக்குழந்தைகள், இளைப்பு நோயாளிகள் ஆகியோர் விஷயத்தில் காலம் தாழ்த்தல் தகாது.

வீட்டிலுள்ளோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு: மூச்சை எண்ணுதல். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரையுள்ள குழந்தை நிமிடத்துக்கு 40 முறையோ அதற்கு மேலோ, பெரியவர் 30 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்க. உதடு நீலம் பாய்ந்தாலும், பேச்சு குழறினாலும் எண்ணிக்கொண்டிராமல் புறப்படுக. அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது கணக்குப் பாடத்துக்கு ஆகும். இங்கே முழு நிமிடமும் எண்ணவேண்டும். அழும் குழந்தையின் மூச்சு இயல்பாகவே விரையும். அது அமைதியாக இருக்கும்போது, மார்பின்மேல் துணியை விலக்கி எண்ணுக.